பசு கன்றைத் தேடிய ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சமுதாயக் கூடம். அன்று காலையிலிருந்து பிற்பகல் வரை, பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து ஒரே பொய்யைச் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்தவள் நான். அதற்காக இரண்டு வாரம் ஒத்திகை வேறு நடத்தினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். ஷூவின் மேல்பாகத்துத் தோல் துண்டுகளை மெஷினில் வைத்துத் தைப்பது என் வேலை. அப்போதே இருபத்தொரு வருடம் முடிந்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் அதே கம்பெனிக்குப் போகிறோம். எல்லோரும் சேர்ந்து ஒரு மகளிர் சங்கம் வைத்திருக்கிறோம். தண்ணீர் வராவிட்டால், தெருவிளக்கு எரியாவிட்டால் கும்பலாகப் போய் நிற்போம். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

வாய் நன்றாகத்தான் இருந்தது, கண்தான் காலை வாரிவிட்டது. நாற்பத்தைந்தைத் தாண்டியதும் ஆரம்பித்த தொல்லை. பிரவுன் தோல், வெள்ளை நூல் என்றால் எப்படியோ சமாளித்துவிடுவேன். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் என்றால் போச்சு. தையல் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் தெரிந்துகொள்வேன். நூல் தீரப் போகும்போது புது நூலைப் பழைய நூலோடு முடிச்சுப் போட்டு இழுத்துவிடுவேன், ஊசியில் கோக்கிற வேலை மிச்சம். ஆனால் ஊசியே உடைந்தால்? பக்கத்து மெஷினில் இருப்பவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள், என் தோஸ்த். "கண்ணுல தூசும்மா, கொஞ்சம் கோத்துக் குடு" என்பேன். அவளும் கோத்துக் கொடுப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒருத்தி கண்ணில் தூசு விழும்?

அந்த வருடம் பார்த்து கறுப்பு ஷூ ஆர்டராகவே வந்தது. செக்கிங்கிலிருந்து நான் தைத்து அனுப்பிய பெட்டி இரண்டு தடவை திரும்பி வந்தது. தையல் கோட்டை விட்டு விலகிப் போயிருக்கிறது என்றார்கள். சூப்பர்வைசர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை வந்துச்சுன்னா நீ பேக்கிங்குக்குப் போய்டும்மா. மெஷின்ல சின்னப் பொண்ணு யாரையாவது உக்கார வெச்சுக்கறேன்" என்றார். பேக்கிங்கில் நின்றுகொண்டே ஷூவுக்குள் காகிதம் கசக்கித் திணிக்க வேண்டும். சம்பளம் கம்மி என்பதுகூட அப்புறம்தான். என் கையும் காலும் பழகின மெஷின் அது, அதை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசே இல்லை.

இந்த நேரத்தில்தான் வேலூர் பக்கத்திலிருந்து ஒரு பல்கலைக்கழகம் எங்கள் சங்கத்தைத் தேடி வந்தது.

கல்லூரிக்காரர்கள் எங்களுக்குப் புதிதில்லை. பேனர் கட்டுவார்கள். கை கழுவுவது எப்படி என்று எங்களுக்கே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு மரக்கன்று நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். மரக்கன்றை மறுநாளே ஆடு தின்றுவிடும். அதனால் வந்திருந்த பேராசிரியையிடம் நான் எடுத்த எடுப்பிலேயே, "போட்டோவ மொதல்லயே எடுத்துடுங்க மேடம், வெயில் ஏறிடும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு வருஷம் வரப்போறோம்மா. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

நான் நம்பவில்லை. ஆனால் வந்தார்கள். மழை கொட்டிய ஞாயிற்றிலும் பன்னிரண்டு மாணவர்களும் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்டு மனு எழுத எங்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கண் பரிசோதனைக்கான படிப்பு படிக்கிறவர்கள்.

அதில் ஒரு பெண், அணைக்கட்டு என்கிற ஊர்க்காரி. அப்பா அம்மா இரண்டு பேருமே வயலில் கூலி வேலை செய்கிறவர்கள். ஜாஸ்தி பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் நான் சங்கத்து நோட்டில் கையெழுத்துப் போடும்போது நோட்டைத் தள்ளி, இன்னும் தள்ளி, கை நீட்டும் மட்டும் தள்ளிப் பிடித்ததைக் கவனித்துவிட்டாள்.

"கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா வசதியா இருக்கும் இல்லக்கா?"

"உனக்கு வாய் இதுக்கு மேல நீளமா இருக்க வேணாம் பாப்பா" என்று நோட்டை மூடினேன்.

அவள் விடவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டத்தில், எல்லோருக்கும் கண் பரிசோதனை முகாம் வைக்கலாம் என்று எழுந்து சொன்னாள். மற்ற பெண்கள் தலையாட்டிவிட்டார்கள். நான் மட்டும் தலையாட்டவில்லை. எங்கேயோ ஒரு கம்பெனியில் கண் டெஸ்ட் என்று கூப்பிட்டு, சரியாகப் படிக்காதவர்களையெல்லாம் மெஷினிலிருந்து எழுப்பிவிட்டார்கள் என்று எங்கள் பஸ்ஸில் ஒரு பேச்சு இருந்தது. யார் சொன்னது, எந்தக் கம்பெனி, யாருக்கும் தெரியாது. ஆனாலும் நான் அதை வேதவாக்காக நம்பினேன். இந்தப் பிள்ளைகள் எழுதுகிற லிஸ்ட் எப்படியும் எங்கள் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேரும், அதில் என் பெயர் முதலில் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்தப் பெண் போகும்போது ஓர் அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "இதத்தான் படிக்கச் சொல்லுவோம். பயப்படாம இருக்க எல்லார் கிட்டயும் முன்னாடியே காட்டி வைங்கக்கா." நீல ஓரம் போட்ட அட்டை. மேல் வரி பெரிய எழுத்தில் இருக்கும், கீழே வரவரச் சின்னதாகி, கடைசி வரி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து என் மகளைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி இதுதான்: கிணற்றடியில் நின்ற பசு தன் கன்றைத் தேடியது.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலேயே வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். நான் ஒரு வரி சொல்வேன், பின்னாலிருந்து முன் சீட்டு வரை எல்லோரும் சொல்லவேண்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கொஞ்சம் கண்ணைச் சுருக்கி உண்மையாகவே படிக்கிற மாதிரி இழுக்க வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, அல்லாரும் பத்தாவது எழுதப் போறீங்களா?" என்று கேட்டார். என் தோஸ்த் மட்டும் முணுமுணுத்தாள்.

"அக்கா, நெஜமாவே கண்ணு தெரியாதவங்களுக்கு கண்ணாடி குடுப்பாங்கள்ல?"

"கண்ணாடிய குடுத்துட்டு மெஷின எடுத்துக்குவாங்க. வாய மூடிக்கினு வா."

முகாம் நாள் வந்தது. முப்பத்தெட்டுப் பெண்கள். தூரத்துப் பலகையில் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, அதை எல்லோரும் நிஜமாகவே படித்தோம். அட்டை கைக்கு வந்ததும் ஆரம்பித்தது கச்சேரி. ஐம்பத்திரண்டு வயதுக்காரி கடைசி வரியை மூச்சு விடாமல் சொல்கிறாள். மாணவர்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் ஒருத்திகூடத் தடுமாறவில்லை. நானும் போய் உட்கார்ந்து, பசுவைக் கிணற்றடியில் நிறுத்தி, கன்றைத் தேட விட்டுவிட்டு எழுந்து வந்தேன். வாசலில் நின்று வரிசையைச் சரிசெய்யும்போது மனசுக்குள் அப்படி ஒரு பெருமை. கம்பெனியை ஏமாற்றிவிட்டேனாம்!

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாணவன் கை தவறி அட்டை மேல் டீயைக் கொட்டிவிட்டான். பையிலிருந்து வேறொரு அட்டையை எடுத்து வைத்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் எதிர்வீட்டு அக்கா போய் உட்கார்ந்து, அட்டையைக் கம்பீரமாகத் தூக்கிப் பிடித்து, "கிணற்றடியில் நின்ற பசு தன் கன்றைத் தேடியது" என்றாள். அணைக்கட்டுப் பெண் அட்டையை எட்டிப் பார்த்தாள். எதையோ குறித்துக்கொண்டாள். அடுத்தவள் வந்தாள். அதே பசு.

எனக்குத் தூரத்துப் பார்வை கழுகுப் பார்வை. வாசலிலிருந்தே தெரிந்தது, அட்டையின் ஓரம் நீலம் இல்லை, பச்சை. மூன்றாவதாக உட்கார்ந்தவளைப் பார்த்து இருமினேன், கையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள் போல. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி பசுவைக் கத்தினாள்.

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்த அட்டையில பசுவே இல்ல."

பிடிபட்டவள் தலையைக் குனிய வேண்டும். நான் எகிறினேன். "ஆமா, நான்தான் சொல்லிக் குடுத்தேன். இன்னா பண்ணுவ? நீ பேர எழுதிக்கினு போவ, உங்க மேடத்து கிட்ட குடுப்ப, அது அங்க இங்க சுத்தி கம்பெனிக்கு வந்து நிக்கும். உனக்கு மார்க்கு, எங்களுக்கு பேக்கிங்கு. பொழப்புல மண்ணப் போடறதுக்கு ஞாயித்துக்கெழமை வேற தேடிக்கினு வந்தீங்களா?" பேராசிரியை எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. ஆனால் பின்வாங்கவில்லை.

"லிஸ்ட் கம்பெனிக்குப் போவாதுக்கா."

"போவாதுன்னு யாரு சொன்னா நான் நம்பறது?"

அவள் பேராசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். மேஜை மேல் இருந்த காகிதக் கட்டு மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். "பேர் எழுதின காகிதம் அல்லாம் உங்க சங்கத்து பீரோவுலயே இருக்கட்டும். சாவி உங்க கிட்டதான இருக்குது? நாங்க இங்க வந்து பாக்கறோம், பாத்துட்டு இங்கயே வெச்சுட்டுப் போறோம். நாங்க கம்பெனிக்கு வரலக்கா, உங்க கிட்டதான் வந்தோம்."

இருபத்தொரு வருடத்தில் என்னைப் பற்றி எத்தனையோ காகிதம் எழுதியிருக்கிறார்கள். ஒன்றையாவது என் கையில் கொடுத்து நீயே வைத்துக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. கட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப சொல்லுங்கக்கா. எது தெரியல?"

"ஊசிக் காது தெரியல பாப்பா" என்றேன். முதல் தடவையாக, எல்லோருக்கும் முன்னால். குரல் உடைந்துவிட்டது.

எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, "எனக்குந்தான்" என்றாள். அப்புறம் எதிர்வீட்டு அக்கா. அப்புறம் இன்னொருத்தி. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள், தனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைத்து ஒருத்திக்கொருத்தி மறைத்திருக்கிறோம். அது நோயே இல்லை, நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது எல்லோருக்கும் மங்கலாகும் என்று அந்தப் பெண் சொன்னதும் சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள். நான் இரண்டையும் செய்தேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் என் வாயும் திரும்பி வந்தது. "உங்க அட்டையும் சரியில்ல பாப்பா. நாங்க இன்னா பேப்பரா படிக்கறோம்?" என்றேன். எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டாள். மேஜையையே மெஷினாக நினைத்து, முதுகை வளைத்து, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் திகைத்துப் போனாள். பேப்பர் படிக்கிற தூரத்தில் பாதிகூட இல்லை. "நீங்க அல்லாரும் நெஜமாவே படிச்சிருந்தா, தப்பான தூரத்துக்குக் கண்ணாடி குடுத்துட்டுப் போயிருப்போம்" என்றாள். அதற்காக நீங்கள் செய்தது சரி என்று நினைத்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அடுத்த முகாமில் அட்டைக்குப் பதிலாக மெஷின் வந்தது. எங்களில் ஒருத்தி வீட்டிலேயே மெஷின் வைத்து, கூலிக்கு ஜாப் ஒர்க் தைக்கிறவள். அவள் மெஷினை நான்கு மாணவர்கள் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கறுப்புத் தோல் துண்டுகளும் கறுப்பு நூலும் கொண்டுபோனேன். ஒவ்வொருத்தியையும் மெஷினில் உட்கார வைத்து, கண்ணுக்கும் ஊசிக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்தார்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தையல்காரர் மாதிரி அளவெடுக்க, ஆயுசுக்கும் தைத்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் நான். சோதனைக்கென்று ஒரு கனமான வட்ட பிரேமை என் மூக்கில் மாட்டி, அந்தப் பெண் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டாள். மங்கல், மங்கல், கொஞ்சம் பரவாயில்லை. அடுத்ததைப் போட்டாள். ஊசியின் காது தெரிந்தது. அந்தச் சின்ன ஓட்டைக்குள் அந்தப் பக்கத்து வெளிச்சம்கூடத் தெரிந்தது. நூல் முனையை உதட்டில் ஈரப்படுத்தி நீட்டினேன். ஒரே தடவை, உள்ளே போய்விட்டது! நான் போட்ட கூச்சலில் வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கறுப்புத் தோலில் நீளமாக ஒரு தையல் ஓட்டினேன். ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரிந்தது. கூடமே கை தட்டியது. அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து என் மூக்கை அவள் துப்பட்டாவில் துடைக்காத குறைதான்.

ஒரு மாதத்தில் இருபத்தொன்பது பேருக்குக் கண்ணாடி வந்தது. ஆனால் யாரும் கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போகவில்லை. எல்லோர் பையிலும் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. தனியாக ஒருத்தி போட்டுக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வாள் என்ற பயம். என் மூன்றாவது பெட்டி எந்த நிமிடமும் திரும்பி வரலாம் என்ற நிலையில் நானே அப்படித்தான் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை, கம்பெனிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றேன்.

"இந்த பஸ்ஸுலதான் உங்களுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்தேன். இப்ப நெஜத்தையும் நானே சொல்றேன். அல்லாரும் எடுத்து மாட்டுங்க. ஒருத்திய எழுப்பலாம், இருபத்தொம்பது பேர எழுப்பிட்டு அவங்க யார வெச்சு ஷூ தைப்பாங்க?"

கேட்டில் பஸ் நின்றது. முதலில் நான் இறங்கினேன். பின்னால் ஒவ்வொருத்தியாக, புதுக் கண்ணாடி பளபளக்க. எங்கள் கல்யாணத்தில்கூட நாங்கள் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை. செக்யூரிட்டிக்காரர் எதற்கோ பயந்து எழுந்து நின்றார். சூப்பர்வைசர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா இது, அல்லாரும் டீச்சர் ஆய்ட்டீங்களா?"

"கறுப்பு ஆர்டர் குடுங்க சார், அப்புறமா பேசலாம்" என்றேன்.

அந்த வாரம் முழுக்கக் கறுப்புதான் தைத்தேன். இரண்டு தடவை ஊசி உடைந்தது. இரண்டு தடவையும் நானே கோத்தேன். என் தோஸ்த் தன் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். சனிக்கிழமை வரை என் பெட்டியிலிருந்து ஒரு துண்டுகூடத் திரும்பி வரவில்லை. சூப்பர்வைசர் வந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷின்லயே இரும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

டீ நேரத்தில் அவரே தயங்கித் தயங்கி வந்தார். அப்போதுதான் கவனித்தேன், கையில் இருந்த உற்பத்தித் தாளை அவரும் தள்ளித்தான் பிடித்திருந்தார். "அந்த கேம்ப் மறுபடி எப்பம்மா? ஆம்பளைங்களும் வரலாமா?" என்றவர் குரலைத் தாழ்த்தி, "அங்க இன்னா கேப்பாங்க?" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "ஒண்ணும் கஷ்டமில்ல சார். கிணற்றடியில் நின்ற பசு தன் கன்றைத் தேடியதுன்னு சொன்னா பாஸ்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் நிஜமாகவே வந்தார். அட்டையைக் கையில் வாங்கி, தொண்டையைச் செருமி, பசுவில் ஆரம்பித்தார். அந்தப் பெண் அட்டையைப் பார்க்கவே இல்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். கூடமே சிரித்ததில் அவரும் சேர்ந்துகொண்டார். அன்று அவருக்கும் ஒரு கண்ணாடிக்கு அளவெடுத்தார்கள்.

அந்தப் பெண் படிப்பை முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்திலிருந்து புதுப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு வருடம் என்று சொன்னதை அவர்களும் மறந்துவிட்டார்கள், நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. காகிதங்கள் சங்கத்து பீரோவில் இருக்கின்றன, சாவி என் இடுப்பில் இருக்கிறது. நானும் அதே மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊசி உடைந்து நானே கோக்கும் ஒவ்வொரு தடவையும், அன்று அந்த டீ மட்டும் கொட்டாமல் என் பொய் ஜெயித்திருந்தால், இந்த மெஷினில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.